நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பொம்மைப் பயிற்சி: நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

வெண்மதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். செவிலியர்களுக்கான பணியிடைப் பயிற்சியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களுக்கு ஒரு முழு உருவப் பொம்மை வந்திருக்கிறது. மூச்சு விடும், நாடி துடிக்கும், மைக் வழியாகப் பேசவும் வைக்கலாம். வந்த நாளிலிருந்து ஆளாளுக்கு அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம். சிபிஆர் எல்லோருக்கும் நன்றாக வந்துவிட்டது. என் கவலை அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது.

போன மாதம் ஒரு கேஸ் ஷீட்டைத் திரும்பப் படிக்கும் வேலை வந்தது. அதிகாலையில் இதயம் நின்றுபோன ஒருவருடையது. அதற்கு முந்தைய 7 மணி நேரத்தில் நாடி 88, 96, 108, 124 என்று ஏறியிருக்கிறது. மேல் ரத்த அழுத்தம் 128-லிருந்து 98-க்கு இறங்கியிருக்கிறது. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் மட்டும் 20, 20, 20, 20. நோட்ஸில் கடைசி வரி: ‘டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’. கோட் புளூ (இதயம் நின்றதற்கான அவசர அழைப்பு) அடித்த பிறகு நடந்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் பிழைக்கவில்லை.

ஒரு பேட்சுக்கு 8 பேர், 3 மணி நேரம் கிடைக்கும். இதயம் நிற்பதற்கு முன்னால் உள்ள அந்த 7 மணி நேரத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? செய்து பார்த்தவர்கள், முக்கியமாகச் செய்து சொதப்பியவர்கள், எழுதுங்கள்.

---

பழைய சிஸ்டர்

வெண்மதி, அந்த நான்கு 20-ஐப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 31 வருடம் வார்டில் இருந்தவள் நான். எல்லா நோயாளியும் நிமிடத்துக்கு 20 மூச்சுதான் விடுவார்கள், சார்ட்டைப் பார்த்தால்! சிலர் 18 விடுவார்கள். 19 விட்ட ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

நாடியை மெஷின் சொல்லிவிடும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்ற சாச்சுரேஷனை விரலில் மாட்டும் கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனுஷிதான் நின்று எண்ண வேண்டும். அதனால்தான் அது விடுபட்டுப்போகிறது. ஆனால் உடம்பில் எங்கே தப்பு நடந்தாலும், கிருமி ரத்தத்தில் ஏறினாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும், முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான். முழு 60 விநாடி எண்ணச் சொல்லுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர்களுக்கு ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும்.

அதனால் என் முதல் யோசனை: பயிற்சி தொடங்கும்போது மானிட்டரை அணைத்துவிடுங்கள். கண், கை, காது மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, ‘ஏதோ சரியில்லை’ என்ற எண்ணத்தை மதிக்கக் கற்றுக்கொடுங்கள். குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள் ஒருவர் ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிபி, நாடி எல்லாம் ஒழுங்கு. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு மணி நேரத்தில் ஐசியூவுக்குப் போனார். பின்னால்தான் தெரிந்துகொண்டேன், நெதர்லாந்தில் இந்தக் கவலையையே ஆராய்ந்து அதற்கென்று ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மூச்சு மாற்றம், நிறம் மாறுவது, பதற்றம், நோயாளியே தனக்குச் சரியில்லை என்பது, நர்ஸுக்குக் காரணம் சொல்லத் தெரியாத உறுத்தல் எல்லாம் அதில் வரும். நமக்கு அந்தக் காலத்தில் யாரும் இதை அறிவு என்று சொல்லவில்லை.

---

கணக்குப்புலி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவமனைத் தரவுகளோடு வேலை பார்ப்பவன், நர்ஸ் அல்ல. ஒரு கேள்வி. இந்தப் பயிற்சியால் நோயாளி பிழைக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம்?

நான் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன: ‘பங்கேற்றவர்களின் தன்னம்பிக்கை கூடியது.’ கூடட்டும். தன்னம்பிக்கை கூடித் திறமை கூடாமல் போனால் அது இன்னும் ஆபத்து. பயிற்சியின் பலனை அளப்பது பற்றி எழுதிய கிர்க்பாட்ரிக் அதை நான்கு படிகளாக அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நம் ஆட்கள் முதல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய அளவிலான ஒரு சோதனையும் இருக்கிறது. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மெரிட் ஆய்வு. ஆஸ்திரேலியாவில் 23 மருத்துவமனைகள். ஒரு பாதிக்கு அவசர மருத்துவக் குழுவும் அதற்கான பயிற்சியும், மறு பாதி வழக்கம்போல. எதிர்பாராத மரணம், இதய நிறுத்தம், திட்டமிடாத ஐசியூ சேர்க்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்புறம் பொம்மை எதற்கு?

---

மயக்கவியல்காரன்

கணக்குப்புலி சார், அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. குழுவை அழைக்க வேண்டிய அறிகுறிகள் இருந்து, பிறகு ஐசியூவில் சேர்ந்த நோயாளிகளில் வெறும் 30 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் குழு அழைக்கப்பட்டது. குழு இருந்தது, அளவுகோல் இருந்தது, போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், பெரும்பாலும் யாரும் கூப்பிடவில்லை. இதை ‘குழு பயனற்றது’ என்று படிப்பதா, ‘கூப்பிடுவதுதான் கஷ்டம்’ என்று படிப்பதா?

அறிகுறி தெரிவதில்லை என்ற வாதமும் பாதிதான் சரி. 1990-இல் ஷைன் குழுவினர் செஸ்ட் இதழில் எழுதினார்கள். மருத்துவமனைக்குள் இதயம் நின்ற 64 பேரில் 84 சதவீதம் பேருக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் நிலைமை மோசமானதோ புதிய தொந்தரவோ பதிவாகியிருந்தது. பதிவாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். யாரோ பார்த்து, யாரோ எழுதியிருக்கிறார்கள். வெண்மதி சொன்ன கேஸ் ஷீட்டும் அதுதான்.

---

பொம்மை மெக்கானிக்

நான் இந்தப் பொம்மைகளை ஓட்டுகிறவன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இருமுவது, முனகுவது, ‘அம்மா வலிக்குது’ என்று கத்துவது எல்லாம் என் பிழைப்பு.

முதலில் ஒரு விஷயம். விலை உயர்ந்த பொம்மை வந்தால் பயிற்சி நன்றாக நடக்கும் என்பது மூடநம்பிக்கை. 1911-இலேயே அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் ஒரு நர்சிங் பள்ளி, துணிப்பொம்மை செய்கிற மார்த்தா சேஸிடம் ஆள் உயரப் பொம்மை செய்யச் சொல்லி வாங்கியது. ‘மிஸஸ் சேஸ்’ என்று பெயர். புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொள்ள அது போதுமாக இருந்தது. 1960-இல் நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துவந்த லெர்டால், வாயோடு வாய் வைத்து ஊதிப் பழக ரெசசி ஆனைச் செய்தார். எதைப் பழக வேண்டுமோ அதற்கேற்ற பொம்மை.

இப்போது உங்களுக்குப் பழக வேண்டியது ‘மோசமாவதைக் கண்டுபிடிப்பது’. அதில் என் பொம்மை படுமோசம். வியர்க்காது. கை சில்லிடாது. முகம் வெளுக்காது. போர்வையைப் பிசையாது. பழைய சிஸ்டர் சொன்ன அந்த ஜன்னல் நோயாளியை என்னால் எந்த மென்பொருளிலும் கொண்டுவர முடியாது.

அதனால் சரிவு ஆரம்பிக்கும் கட்டத்துக்கு உயிருள்ள ஆளை நடிக்க வையுங்கள். நெற்றியில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், உள்ளங்கையைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கச் சொல்லுங்கள். எண்களை டேப்லட் திரையில் காட்டலாம். ஆனால் ஒரு விதி: நர்ஸ் கையில் பிபி கஃப் கட்டிய பிறகுதான் பிபி தெரிய வேண்டும், நின்று எண்ணினால்தான் மூச்சு. கேட்காமலேயே எண்ணைக் கொடுத்தால், எண்ணைத் தேடிப் போகும் பழக்கம் எப்படி வரும்? ஊசி, குழாய், நெஞ்சு அழுத்துவது என்று வந்தால் பொம்மைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

---

மூன்றாமாண்டு

நான் இன்னும் மாணவி. இங்கே எழுதலாமா தெரியவில்லை. ஒரே ஒரு முறை இந்தப் பயிற்சியில் இருந்திருக்கிறேன். என்னை உள்ளே விட்டுவிட்டு மற்ற எல்லோரும் வெளியே திரையில் பார்த்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க் போட்டேன், ஆனால் குழாயைச் சுவரில் இணைக்க மறந்துவிட்டேன். வெளியே சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. முடிந்ததும் ஆசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘நோயாளி ஏன் இறந்தார் தெரியுமா?’

அந்த நோய் என்னவென்று இன்று கேட்டால் ஞாபகம் இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

---

பழைய சிஸ்டர்

மகளே, நீ எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? ஐசியூவில் 10 வருடம் இருந்தவர்களே குழாயை இணைக்க மறந்திருக்கிறார்கள். நானும்தான்.

---

வெண்மதி

மூன்றாமாண்டு, இதை எழுதியதற்கு நன்றி. ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டேன்: பார்வையாளர் திரை கிடையாது. 4 பேர் உள்ளே, 4 பேர் அதே அறையில் ஆளுக்கு ஒரு கவனிப்பு வேலையோடு. ஒருவர் மூச்சு எத்தனை முறை எண்ணப்பட்டது என்று குறிப்பார், ஒருவர் யார் யாரிடம் என்ன சொன்னார் என்று. வேலை இருந்தால் சிரிக்க நேரம் இருக்காது. யாரும் தேர்ச்சி, தோல்வி என்று குறிக்கப்போவதில்லை என்பதையும், அறையில் நடந்தது வெளியே போகாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலை எப்படி நடத்துகிறீர்கள்? காட்சி 15 நிமிடம் என்றால் பேச்சு 30 நிமிடம் என்று வைத்திருக்கிறேன்.

---

பொம்மை மெக்கானிக்

30 குறைந்தபட்சம். காட்சி என்பது பேச ஒரு சாக்குதான்.

நான் பார்த்ததில் இரண்டு வகை ஆசிரியர்கள் சொதப்புவார்கள். ஒருவர் குற்றப்பத்திரிகை வாசிப்பவர். இன்னொருவர் ‘எல்லாம் சூப்பர், கைதட்டுங்கள்’ என்பவர். இரண்டாமவரால்தான் அதிகத் தொல்லை, தப்பு தப்பாகவே வீட்டுக்குப் போய்விடும். பாஸ்டனில் ஜென்னி ருடால்ஃப் குழுவினர் 2006-இல் எழுதிய முறை எனக்குப் பிடித்தது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், உங்கள் கருத்தை மறைக்காமல் சொல்லுங்கள், பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். இப்படி வரும்: ‘நாடி 108 என்றதும் நீங்கள் ட்ரிப்பைச் சரிபார்த்தீர்கள். எனக்கு அந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயம் வந்தது. உங்களுக்கு அப்போது என்ன தோன்றியது?’

பதில் பெரும்பாலும் ஆச்சரியமாக இருக்கும். ‘வலி என்று நினைத்தேன்’ என்பார். சரி, வலி என்று ஏன் நினைத்தார், அதை எப்படி உறுதி செய்திருக்கலாம் என்று பேச்சு போகும். ‘ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை?’ என்று கேட்டால் மன்னிப்புதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

---

இரவு வார்டு

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது.

எங்களுக்குத் தெரிகிறது. தயவுசெய்து அதை முதலில் நம்புங்கள். மூச்சு எண்ணத் தெரியும், வெளுத்துப்போன முகம் தெரியும். எங்களுக்குப் பிரச்சினை போன்.

எனக்கு நடந்தது. இரவு இரண்டு மணி. பித்தப்பைக் கல் காரணமாகக் கிருமித்தொற்று என்று சேர்ந்தவர். பிபி 94, மூச்சு 26, உளற ஆரம்பித்திருந்தார். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ‘சரி, பார்க்கிறேன் சிஸ்டர்.’ 2:40-க்கு மறுபடியும். ‘சலைன் ஓடட்டும், இங்கே ஒரு கேஸ் இருக்கு.’ 3:30-க்கு மறுபடியும். இந்த முறை குரலில் எரிச்சல். ஒவ்வொரு முறையும் நோட்ஸில் எழுதினேன்: டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, தெரிவிக்கப்பட்டது, தெரிவிக்கப்பட்டது. ஐந்தரைக்கு ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பிழைத்தார், என் திறமையால் அல்ல.

அந்த வரியை ஏன் எழுதுகிறோம் தெரியுமா? நாளை கேள்வி வந்தால் தப்பிக்க. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிடும். நோயாளி அப்படியே கிடப்பார்.

உங்கள் பொம்மைப் பயிற்சியில் ‘டாக்டரைக் கூப்பிடுகிறேன்’ என்று காற்றில் சொன்னாலே போதும், வெள்ளை கோட்டு போட்ட ஆசிரியர் ஒரு நிமிடத்தில் வந்து நிற்பார். அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன்.

---

மயக்கவியல்காரன்

சிஸ்டர், அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவன் நான். உங்களுடைய அந்த இரவில் அல்ல, ஆனால் அதே மாதிரி பல இரவுகளில்.

மறுமுனையில் என்ன கேட்கும் என்று சொல்கிறேன். தப்பை நியாயப்படுத்தவில்லை. கையில் ஒரு கேஸ், காதில் போன். ‘சார், 12-ஆம் நம்பர் பெட், பித்தப்பைக் கேஸ், நேற்று அட்மிஷன், காய்ச்சல் இருந்தது, ஆன்டிபயாடிக் போயிருக்கு, பிபி கொஞ்சம் லோவா இருக்கு...’ ‘கொஞ்சம்’ என்ற இடத்தில் என் மூளை அணைந்துவிடும். நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை, தெரிவித்தீர்கள். நானும் தெரிந்துகொண்டேன். இருவருமே கடமையைச் செய்துவிட்டோம்!

எஸ்-பி-ஏ-ஆர் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக நமக்கு வந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். எல்லோரும் நான்கெழுத்தையும் ஒப்பிப்பார்கள். ஆனால் மூன்றாவதும் நான்காவதும் போனில் வருவதே இல்லை. மதிப்பீடு சொன்னால் ‘நீ என்ன டாக்டரா?’ என்று கேட்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை ஓடவைக்கும் போன் இப்படி இருக்கும்: ‘டாக்டர், நீங்கள் இப்போதே வர வேண்டும். 12-ஆம் பெட், பித்தப்பைத் தொற்று. மூச்சு 26, பிபி 94, புதிதாக உளறுகிறார். ரத்தத்தில் தொற்று பரவுகிறது என்று நினைக்கிறேன். எத்தனை நிமிடத்தில் வருவீர்கள்?’ வேண்டுகோள் முதல் வரியில். கடைசியில் நேரம் கேட்கும் கேள்வி. ‘பார்க்கிறேன்’ என்று நான் நழுவினால், ‘10 நிமிடத்தில் வர முடியாதென்றால் சீனியரைக் கூப்பிடுகிறேன்’. இதில் திட்டு இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

வெண்மதி, உங்கள் பயிற்சியில் உண்மையான போன் வையுங்கள். மறுமுனையில் உண்மையான டியூட்டி டாக்டரை உட்கார வையுங்கள். முதல் அழைப்பில் அவர் நழுவ வேண்டும் என்று சொல்லி வையுங்கள். அவருக்கும் அது பயிற்சிதான்.

---

கணக்குப்புலி

சரி, 30 சதவீதக் கணக்கில் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. மாணவர் தரப்பில் வலுவான ஓர் ஆய்வு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்டது. 10 நர்சிங் கல்லூரிகளில் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனாக, அதாவது இது போன்ற பாவனைப் பயிற்சியாக, மாற்றிப் பார்த்தார்கள். அறிவிலோ திறனிலோ தேர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. நோயாளி பிழைப்பதற்கான ஆதாரம் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் வீண்வேலை என்றும் சொல்ல முடியாது.

‘கொஞ்சம் லோ’ என்ற பிரச்சினைக்கு எண்ணிடம் மருந்து இருக்கிறது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய நியூஸ் (NEWS) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளி: மூச்சு 24, அதற்கு 2. சாச்சுரேஷன் 94, அதற்கு 1. ஆக்சிஜன் ஓடுகிறது, அதற்கு 2. மேல் பிபி 104, நாடி 108, காய்ச்சல் 38.2, இவை ஒவ்வொன்றுக்கும் 1. நினைவு தெளிவு, 0. தனித்தனியாக எந்த எண்ணும் பயமுறுத்தாது. கூட்டினால் 8. 7-ஐத் தொட்டாலே அவசரக் குழு வர வேண்டும். ‘சார், கொஞ்சம் டல்லா இருக்கார்’ என்பதற்கும் ‘மதிப்பெண் 8, இரண்டு மணி நேரம் முன்பு 3’ என்பதற்கும் போனில் எவ்வளவு வித்தியாசம்!

---

வெண்மதி

முதல் காட்சியின் வரைவு இதோ. கிழித்துத் தொங்கவிடுங்கள்.

வயிற்று அறுவை முடிந்து 6 மணி நேரம். உள்ளே ரத்தக்கசிவு. முதல் கட்டம்: நாடி 92, மூச்சு 18, பிபி 122/76. இரண்டாம் கட்டம்: நாடி 108, மூச்சு 22, பிபி 116/86, தாகம், நிலைகொள்ளாமல் புரளுகிறார். மூன்றாம் கட்டம்: நாடி 126, மூச்சு 28, பிபி 94/72, பேச்சு குழறுகிறது. பிறகு இதயம் நிற்கிறது, சிபிஆர்.

---

மயக்கவியல்காரன்

இரண்டாம் கட்டம் அருமை. மேல் அழுத்தம் அப்படியே இருக்க, கீழ் அழுத்தம் ஏறி, இரண்டுக்கும் இடைவெளி 46-லிருந்து 30-க்குச் சுருங்குகிறது. ரத்தக்குழாய்கள் இறுகிச் சமாளிக்கின்றன என்று அர்த்தம். சுமார் 30 சதவீத ரத்தம் போகும் வரை மேல் பிபி விழாமல் தாக்குப்பிடிக்கலாம், இளம் வயதினருக்கு இன்னும் ஏமாற்றும்.

இப்போது கணக்குப்புலி சாரின் மதிப்பெண்ணை இதே இரண்டாம் கட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சு 22-க்கு 2, நாடிக்கு 1, மற்றதெல்லாம் சரி என்றால் மொத்தம் 3. அட்டவணைப்படி 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்! அதற்குள் அவர் இருக்க மாட்டார். சில்லிட்ட கையும் புரளும் உடம்பும் எண்கள் போகும் திசையும்தான் அங்கே பேசுகின்றன. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நாடியும் ஏறாது. மதிப்பெண் கூப்பிடச் சொன்னால் கூப்பிட வேண்டும். அது சும்மா இருந்தாலும் உங்களுக்கு உறுத்தினால் கூப்பிட வேண்டும். இந்தக் காட்சியின் பாடமே அதுதான், எனவே கடைசியில் இதயத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எல்லோரும் நெஞ்சை அழுத்தப் போய்விடுவார்கள், இரண்டாம் கட்டம் மறந்துபோகும்.

---

பொம்மை மெக்கானிக்

இன்னும் இரண்டு. ஒன்று, எல்லாக் காட்சியிலும் நோயாளி மோசமானால், அறைக்குள் நுழையும்போதே ஆட்கள் உஷாராகிவிடுவார்கள். வார்டில் அப்படி இருக்காது. ஒரு காட்சியில் எதுவும் ஆகாமல் விட்டுவிடுங்கள். இரண்டு நோயாளிகளை வையுங்கள், சத்தமாகப் புலம்புகிறவர் நன்றாக இருக்கட்டும், அமைதியாக இருப்பவர் மோசமாகட்டும்.

இரண்டாவது, மூச்சை மந்தமாக்கும் வலி மருந்தான மார்ஃபின் காட்சி ஒன்று கட்டாயம் வேண்டும். அறுவைக்குப் பிறகு ஆக்சிஜனோடு குறட்டை விட்டுத் தூங்குகிறார். சாச்சுரேஷன் 97. எல்லோரும் ‘நன்றாகத் தூங்குகிறார், எழுப்பாதீர்கள்’ என்று விளக்கை அணைப்பார்கள். மூச்சு நிமிடத்துக்கு 7. ஆக்சிஜன் ஓடுவதால் சாச்சுரேஷன் கடைசி வரை பொய் சொல்லும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை 20 முறையாவது ஓட்டியிருப்பேன். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்ப அவ்வளவு தயக்கம்.

---

அம்மாவின் பையன்

நான் மருத்துவத் துறை இல்லை. தேடலில் இந்த இழை கிடைத்தது. ‘அம்மா இப்படிப் பேச மாட்டாங்க’ என்று மூன்று முறை சொன்னேன். வயசானவங்க அப்படித்தான் என்றார்கள். மறுநாள் நிமோனியா முற்றிவிட்டது என்றார்கள். உங்கள் பயிற்சியில் சொந்தக்காரராக யாராவது நடிக்கிறார்களா?

---

மயக்கவியல்காரன்

நடிக்க வேண்டும். நியூஸ் மதிப்பெண்ணின் 2017 திருத்தத்தில் சேர்ந்த முக்கியமான விஷயமே புதிய குழப்பம்தான். அது ஒன்றுக்கு மட்டுமே 3 மதிப்பெண். அது புதிதா பழையதா என்று சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருக்கும் மகனோ மகளோதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயன் விதி என்று இருக்கிறது, குடும்பத்தாரே நேரடியாக மறு பரிசோதனை கேட்கலாம். இங்கிலாந்திலும் 2024 முதல் மார்த்தா விதியைக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் சொன்னது சரி. கேட்டிருக்க வேண்டும்.

---

வெண்மதி

ஒரு மாதம் கழித்து வருகிறேன். 5 பேட்ச் முடிந்தது.

மூச்சு எண்ணுவது இரண்டே காட்சியில் சரியாகிவிட்டது. மார்ஃபின் நோயாளியை முதல் பேட்ச் போர்வை போர்த்தித் தூங்க வைத்தது, மெக்கானிக் சார் சொன்னது போலவே.

போன்தான் கதை. எங்கள் டியூட்டி டாக்டர் ஒருவர் பக்கத்து அறையில் உட்கார ஒப்புக்கொண்டார். ‘சரி, பார்க்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள் என்றிருந்தேன். முதல் மூன்று பேட்சிலும் அந்த ஒரு வார்த்தைக்குப் போனை வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டு ஒருவர் நேராகப் போய் நோட்ஸ் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை. கலந்துரையாடலில் அந்தக் காகிதத்தை மேஜை மேல் வைத்தேன். யாரும் பேசவில்லை. பிறகு அந்த டாக்டர்தான் ஆரம்பித்தார்: ‘நான் வருவேன் என்று நீங்கள் நினைத்தீர்களா?’ ‘இல்லை’ என்றார் அந்தச் சிஸ்டர். ‘நானும் வருவதாக நினைக்கவில்லை’ என்றார் டாக்டர்.

நான்காம் பேட்சில் ஒரு சின்னப் பெண், சேர்ந்து 4 மாதம்தான், ‘எத்தனை நிமிடம் டாக்டர்?’ என்று கேட்டார். மறுமுனையில் உண்மையிலேயே தடுமாற்றம்.

சிபிஆர் திறமையே 3 முதல் 6 மாதத்தில் தேயும் என்கிறார்கள், இதுவும் தேயும். அதனால் இனிமேல் வார்டிலேயே, டியூட்டி நடுவில், 15 நிமிடக் காட்சிகள். முதல் நாளே ஒன்று அகப்பட்டது: போன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஐசியூ எண் பழையது.

---

இரவு வார்டு

நோட்ஸில் அந்த வரிக்குப் பதிலாக என்ன எழுதச் சொன்னீர்கள்?

---

வெண்மதி

இப்படி: ‘02:05. டியூட்டி டாக்டரிடம் பேசினேன். மதிப்பெண் 8, முன்பு 3. உடனே நேரில் வரக் கேட்டேன். 10 நிமிடத்தில் வருவதாகச் சொன்னார். 02:15-க்குள் வராவிட்டால் சீனியரை அழைப்பேன்.’

---

இரவு வார்டு

கடைசி வரியை எழுதினால் எங்கள் வார்டு இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

---

வெண்மதி

தெரியும். அடுத்த பேட்சில் இன்சார்ஜ்கள் 4 பேரைப் போட்டிருக்கிறேன். போன் அவர்கள் கையில்தான்.